சவுனாக் காவலன் சாகவேண்டிய சனிக்கிழமை

இப்போதெல்லாம் ஓசியில் கொடுத்தால்கூட ஜனங்களுக்குக் குறை சொல்லத்தான் தெரிகிறது. முன்பெல்லாம் ஒரு வீட்டில் காபி கசந்தால் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போவார்கள். மறுபடி அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள், அவ்வளவுதான். இப்போது கோப்பையைக் கீழே வைப்பதற்குள் உலகத்துக்கே எழுதிப் போட்டுவிடுகிறார்கள். எழுதுகிறவனுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஊர் கிடையாது. பெயரில்லாதவன் பேச்சை யாராவது காதில் போட்டுக்கொள்வார்களா? போட்டுக்கொள்கிறார்கள். கவுக்கோ கார்ப்பினெனின் சொந்த மகளே போட்டுக்கொள்கிறாள். போட்டுக்கொண்டு மூன்று நாளாகக் கண்மூடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

கவுக்கோவுக்கு எழுபத்தாறு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். வடக்கே கயானி என்கிற ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் நாற்பத்தொரு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். அந்த வேலையில் யாரும் வந்து நன்றாகத் தள்ளினாய் என்று சொன்னதும் இல்லை, மோசம் என்று எழுதிப் போட்டதும் இல்லை. காலையில் ரோடு கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடந்தது என்று அர்த்தம்.

மகள் மிர்க்கா கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறாள். அவளையும் சேர்த்து நான்கு பேர். பழைய வங்கிக் கட்டடத்தின் மாடியில் மூன்று வருஷமாக ஒரே விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பெயர் ‘கரும்பனி’. ஐனா என்று ஒரு பெண், இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு, வாளோடு பனிக்காட்டில் அலைகிறாள். ஓநாய், பிசாசு, உறைந்த ஏரி எல்லாம் வருகிறது. விளையாட்டு இன்னும் முடியவில்லை. முதல் நாற்பது நிமிஷத்தை மட்டும் வெட்டி, டெமோ என்று பெயர் வைத்து, புதன்கிழமை உலகத்துக்கே இலவசமாக விட்டிருந்தார்கள். விளையாடுகிறவர்களுக்குப் பிடித்துவிட்டால், மிச்சத்தை முடிக்க ஒரு ஜெர்மன் கம்பெனி பணம் போடும். பிடிக்காவிட்டால் ஏப்ரலில் கடையைச் சாத்திவிட்டு நான்கு பேரும் வேலை தேடி ஹெல்சிங்கிக்கு வண்டியேற வேண்டியதுதான். இதை மிர்க்கா போனில் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கவுக்கோ ‘ம்’ என்றார். அவள் வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மறுபடி கூப்பிட்டாள்.

“அப்பா, கொஞ்சம் இங்க வர முடியுமா? கத்தணும்.”

“போன இலையுதிர் காலத்துலதான கத்தினேன்?”

“இது வேற கத்தல்.”

போன தடவை கத்தியது சவுனாக் காவலனுக்காக. விளையாட்டில் ஏரிக்கரையில் ஒரு சவுனா வரும்; துணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்க்கிற மரக்குடில். கவுக்கோ தன் கையால் கட்டிய சவுனாவையே மிர்க்காவோடு வேலை செய்கிற லாஸ்ஸே என்கிற பையன் வந்து நூறு படம் பிடித்துக்கொண்டு போய், பலகைக்குப் பலகை, அடுப்புக் கல்லுக்குக் கல் அப்படியே செய்திருந்தான். அதற்குள், ஒவ்வொரு சவுனாவிலும் குடியிருப்பதாகப் பெரியவர்கள் சொல்கிற காவலன் ஒருவன். முழங்கால் உயரம், நரைத்த தாடி, கையில் தண்ணீர் அகப்பை. அவனுக்குக் குரல் வேண்டும் என்று கவுக்கோவை ஒரு அலமாரிக்குள் நிறுத்தி ஒரு மணி நேரம் ‘வெளியே போ’ என்று கத்தவிட்டார்கள். கூலி இரண்டு பொட்டலம் காபித்தூள். மூக்கையும் தன்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறார்கள் என்று கவுக்கோவுக்கு ஒரு சந்தேகம். லாஸ்ஸே இல்லவே இல்லை என்று சாதித்தான்.

மாடிக்குப் போனபோது மிர்க்காவும் லாஸ்ஸேயும் மட்டும் இருந்தார்கள். மற்ற இருவரையும் தூங்கச்சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். மகளின் கண்ணுக்குக் கீழே கரி பூசினதுபோல் இருந்தது.

“முதல்ல காபி குடிங்க பெரியவரே” என்றான் லாஸ்ஸே. வீட்டுக்குள்ளேயும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத ரகம்.

“காபி குடிக்கச் சொல்ற ஆளு ஏதோ கெட்ட சேதி வச்சிருக்கான். சேதியச் சொல்லு.”

“ஜனங்களுக்கு டெமோ பிடிக்கல” என்றாள் மிர்க்கா.

“யாரு சொன்னது?”

“ஆயிரத்து நூறு பேர் எழுதியிருக்காங்க. மூணுல ரெண்டு பேர் திட்டி.”

“படி.”

“வேணாம்பா.”

“அவனுங்களுக்கு எழுத வெக்கமில்ல, எனக்குக் கேக்க என்ன வெக்கம்? படி.”

லாஸ்ஸே படித்தான். பையனுக்கு இந்த மூன்று நாளில் எல்லாம் மனப்பாடமே ஆகியிருக்க வேண்டும். திரையைப் பார்த்தும் பார்க்காமலும் ஒப்பித்தான்.

“‘காடு அழகு, பனி அழகு, அந்தக் குள்ளன் மட்டும் நாசமாப் போகட்டும்.’ ‘முப்பத்தேழு தடவ செத்துட்டேன், அவனுக்கு ஒரு அடிகூட விழல.’ ‘எங்கிட்ட வாள், அவங்கிட்ட கரண்டி. எப்பிடிடா அவன் ஜெயிக்கிறான்?’ ‘இதச் செஞ்சவங்க ஒரு தடவையாவது விளையாடிப் பாத்தாங்களா?’”

“எந்தக் குள்ளன்?”

“நீங்கதான் பெரியவரே. சவுனாக் காவலன்.”

கவுக்கோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அவனுங்க வாளோடயா சவுனாவுக்குள்ள போறானுங்க?”

“வாள், கேடயம், இரும்புச் சட்டை, பூட்ஸ், எல்லாத்தோடயும்.”

“பைத்தியமா?”

“அதுதாம்பா நாங்க பண்ண தப்பு” என்றாள் மிர்க்கா.

நடந்தது இதுதான். டெமோவை வெளியே விடுவதற்கு முன்னால் ஊர் நூலகத்தில் முப்பது பேரை உட்காரவைத்து விளையாடச்செய்து பார்த்திருக்கிறார்கள். ஓநாயிடம் செத்தார்கள், பனிப்பாலத்தில் விழுந்தார்கள். சவுனா வந்ததும் முப்பது பேரும் கதவருகே வாளைச் சாத்திவைத்தார்கள், சட்டையைக் கழற்றினார்கள், உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தால் காவலன் அடிக்கமாட்டான். பக்கத்தில் வந்து உட்காருவான். தண்ணீர் ஊற்றுவான். ஏரியைக் கடக்கும் வழியைச் சொல்வான். முப்பது பேரில் ஒருத்தர்கூட ‘இங்கே என்ன செய்யணும்’ என்று கேட்கவில்லை. சவுனாவுக்குள் போனால் என்ன செய்வது என்று கயானியில் யார் கேட்பார்கள்? இது ரொம்பச் சுலபமாக இருக்கிறதே என்று நினைத்து, லாஸ்ஸே காவலனுக்குப் பத்துக் கரடியின் பலத்தை ஏற்றிவிட்டான். சண்டை போட்டு யாரும் ஜெயிக்க முடியாதபடி செய்துவிட்டான். சண்டை போடவே யாருக்கும் தோன்றாது என்பதுதான் அவன் கணக்கு.

“ஒரு பலகையில எழுதிப் போட வேண்டியதுதான?” என்றார் கவுக்கோ.

“வியாழக்கிழமையே போட்டோம். ‘வாளோடு வராதே’ன்னு.”

“அப்புறம்?”

“கோடாலியோட வந்தாங்க” என்றான் லாஸ்ஸே.

கவுக்கோவுக்குச் சிரிப்பு வந்தது. மகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

ஜெர்மன் கம்பெனியிலிருந்து காலையில் பேசினார்களாம். ஜனங்கள் சண்டை போட வருகிறார்கள், சண்டையைக் கொடுங்கள், காவலனைக் கொல்ல முடிகிறமாதிரி மாற்றி மாலை ஆறு மணிக்குள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இந்த வாரக் கணக்கை வைத்துத்தான் முடிவெடுப்போம் என்றார்களாம். லாஸ்ஸே மாற்றிவிட்டான். ஏழு வெட்டில் காவலன் விழுவான். சத்தம் மட்டும் பாக்கி.

“என்ன சத்தம்?”

மிர்க்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சாகிற சத்தம்.”

“மாட்டேன்.”

“அப்பா...”

“மாட்டேன்னா மாட்டேன். சவுனாவுல ஒருத்தன் குரல உசத்திப் பேசவே கூடாது. அங்க போயி ரத்தம், வெட்டு, குத்து. எங்கம்மா என்னப் பெத்ததே சவுனாவுலதான். அந்த எடத்துல எங்குரல்ல ஒருத்தன் சாகணுமா? வேற யாரயாவது கூப்பிட்டுச் சாகச் சொல்லு.”

“குரல் மாறினா தெரிஞ்சிடும் பெரியவரே.”

“நீ பேசாத. நீ வச்ச பத்துக் கரடிதான் இவ்வளவுக்கும் காரணம்.”

லாஸ்ஸே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். மிர்க்கா அழவில்லை. சின்ன வயசிலேயே அழாத பிள்ளை. எழுந்துபோய் சுவரில் ஒட்டியிருந்த காட்டுப் படங்களில் ஒன்று பிய்ந்து தொங்கியதை மறுபடி ஒட்டினாள். அது ஒட்டவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஏப்ரலில் அந்தச் சுவரிலிருந்து எல்லாவற்றையும் பிய்த்தெடுக்க வேண்டிவரலாம். அது தெரிந்தும் அவள் அந்த மூலையை அழுத்திக்கொண்டிருந்தாள். கவுக்கோ அதைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தார்.

“எங்க அந்த அலமாரி?” என்றார்.

அலமாரி என்றால் துடைப்பம் வைக்கிற அறை. நாலு பக்கமும் பழைய ரஜாய்களை ஆணியடித்திருந்தார்கள். தலைக்கு மேலே ஒரு மைக். கண்ணாடித் துண்டு வழியாக லாஸ்ஸேயின் தொப்பி மட்டும் தெரிந்தது.

முதல் சாவு தும்மல்போல் வந்தது.

“கொஞ்சம் வலி வேணும் பெரியவரே.”

இரண்டாவது சாவில், எண்பத்தேழில் வண்டிக் கதவு விரலை நசுக்கியதை நினைத்துக்கொண்டார். வலி வந்தது, கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது.

“அருமை. ஆனா குழந்தைங்களும் விளையாடுவாங்க.”

மூன்றாவது மாடு கத்தினதுபோல் இருந்தது. நான்காவது அதைவிட மோசம். ஐந்தில் இருமல் வந்துவிட்டது. ஆறும் ஏழும் அவருக்கே ஞாபகமில்லை. எட்டாவதில் லாஸ்ஸே, “இன்னும் சத்தமா, கடைசி மூச்ச வச்சுக் கத்துறமாதிரி” என்றான்.

“கடைசி மூச்ச வச்சு யாரும் கத்தறதில்ல” என்றார் கவுக்கோ. “நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்.”

மனைவி கெர்த்து இறந்து ஆறு வருஷமாகிறது. கத்தவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தையிலிருந்து வந்து பையைக் கீழே வைக்கிறவள் விடுகிற மூச்சுபோல ஒன்று விட்டாள். அப்புறம் அடுத்த மூச்சு வரவில்லை. அது வரும் என்று கவுக்கோ ரொம்ப நேரம் காத்திருந்தார்.

ஒன்பதாவது தடவை அவர் கத்தவில்லை. மூச்சை விட்டார், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பி அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, “கிடைச்சிருச்சு” என்று லாஸ்ஸேயின் குரல் மட்டும் வந்தது. மிர்க்காவும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது வெளியே வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டுப் பழக்கம் அது.

மணி நாலரை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. லாஸ்ஸே அந்த மூச்சை விளையாட்டுக்குள் பொருத்த உட்கார்ந்தான். பக்கத்துத் திரையில் ஒரு பெண் கரும்பனி விளையாடிக்கொண்டிருந்தாள். லிஸ்பனில் இருக்கிறவளாம், பெனடிட்டா என்று பெயர். அவள் விளையாடுவதை ஒன்பதாயிரம் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்றாள் மிர்க்கா.

“ஒம்போதாயிரம் பேருக்கும் வேலவெட்டி இல்லியா?”

“சனிக்கிழமைப்பா.”

“சனிக்கிழமைன்னா வெறகு பொளக்கலாம்ல?”

பெனடிட்டா மூன்று மணி நேரமாகச் சவுனாவிலேயே செத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போவாள், காவலன் அகப்பையால் ஒன்று வைப்பான், பனியில் போய் விழுவாள். கவுக்கோவின் குரலில் ‘வெளியே போ’ கேட்கும். அவள் தன் மொழியில் ஏதோ கத்துவாள்.

“என்ன சொல்றா?”

“உன் தாடியப் பிடிச்சு அடுப்புல போடறேங்கிறா” என்றாள் மிர்க்கா, திரையின் அடியில் ஓடிய மொழிபெயர்ப்பைப் பார்த்து.

“வாய் இருக்கு இவளுக்கு” என்றார் கவுக்கோ. குரலில் கோபம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் சலித்துப்போய் நாற்காலியில் சாய்ந்தாள். இரும்புச் சட்டையோடு உள்ளே நின்றாலே சூட்டில் உயிர் குறைகிறது, இந்தப் பாரத்தைக் கழற்றித் தொலைக்கிறேன், அடி வாங்கித்தானே சாகப்போகிறேன், அம்மணமாகவே சாகிறேன் என்றாளாம். ஐனாவின் வாள், கோடாலி, சட்டை, பூட்ஸ் எல்லாவற்றையும் வாசலில் போட்டாள். அவளை உள்ளே கொண்டுபோய்ப் பலகையில் உட்காரவைத்தாள். காவலன் அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தான். “நீ அடிச்சுக்கிட்டே இரு, நான் போய் சூப் எடுத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

திரையின் மூலையில் காலி நாற்காலி. சவுனாவில் ஐனா தனியாக உட்கார்ந்திருந்தாள். காவலன் ஓங்கின கையை மெல்லக் கீழே இறக்கினான். பலகையில் தொற்றி ஏறினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கால் எட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டு, வாளியிலிருந்து ஒரு அகப்பை மொண்டு கல்லின்மேல் ஊற்றினான். சொய்யென்று ஆவி எழுந்தது. ‘ஹூ...’ என்று சுகமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

“இத எப்ப நான் சொன்னேன்?” என்றார் கவுக்கோ.

“போன தடவ நீங்க காபி குடிச்சப்ப மைக்க அணைக்க மறந்துட்டேன்” என்றான் லாஸ்ஸே, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

பெனடிட்டா இன்னும் வரவில்லை. ஒன்பதாயிரம் பேர் எழுதுவது ஓரமாகச் சரசரவென்று ஓடியது. மிர்க்கா படித்தாள். “‘அடிக்கல.’ ‘பாரு, உக்காந்துட்டான்.’ ‘பெனடிட்டா, சூப்ப விட்டுட்டு வா.’ ‘யாரும் அசையாதீங்க.’ ‘நாமதான் அவன் வீட்டுக்குள்ள கத்தியோட போயிருக்கோம்.’”

அவள் கிண்ணத்தோடு வந்தாள். உட்காரப் போனவள் நின்றாள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி, ஒரு நிமிஷம் வாயே திறக்கவில்லை. அந்த வாய் மூடி கவுக்கோ அதுவரை பார்க்கவில்லை. அப்புறம் மெதுவாக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள்.

“‘நான் பண்ணது உங்களுக்குக் கோவமா, தாத்தா’ன்னு கேக்கிறா” என்றாள் மிர்க்கா.

பெனடிட்டா அகப்பையை எடுத்தாள். ஒன்று ஊற்றினாள், இரண்டு ஊற்றினாள். ஆவி எழும்போதெல்லாம் குழந்தைமாதிரி சிரித்தாள். வாளி காலியாகிற வரைக்கும் ஊற்றினாள்.

லாஸ்ஸே நாற்காலியைத் திருப்பினான். “மிர்க்கா, மாத்தினது தயார். ஒரு பட்டனத் தட்டினா போயிடும். அனுப்பவா?”

அவள் போனை எடுத்து ஜன்னலோரம் போனாள். ஜெர்மன் கம்பெனிக்காரியிடம் பேசினாள். கவுக்கோவுக்கு அந்த மொழி புரியாது. ஆனால் மகள் ‘இல்லை’ என்று சொல்லும்போது முதுகு எப்படி நிமிரும் என்பது நாலு வயசிலிருந்து தெரியும்.

“என்ன சொன்ன?”

“காவலன் சாகமாட்டான்னு சொன்னேன்.”

“அவங்க?”

“திங்கக்கிழமை கணக்கப் பாத்துட்டு சொல்றாங்களாம்.”

“அறிவிருக்கா உனக்கு?” என்றார் கவுக்கோ. “ஒருத்தி சூப் எடுக்கப் போன நேரத்துல தெரியாம உக்காந்துட்டா. அதுக்காக ஊரே உக்காருமா? மிச்ச ஆயிரம் பேரும் கோடாலியோட நிக்கறான். அனுப்பித் தொல. ஒம்போது தடவ செத்திருக்கேன்.”

“நீதானப்பா மாட்டேன்னு சொன்ன?”

“அப்ப சாகல. இப்ப செத்தாச்சு. வீணாக்காத.”

“அந்தக் கடைசி மூச்ச எவன் வாளுக்கும் நான் கொடுக்க மாட்டேன்” என்றாள் மிர்க்கா.

கவுக்கோ கோட்டைத் தேடினார். கோட்டு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே இருந்தது.

“பெரியவரே, இன்னும் மூணு பேர் உக்காந்துட்டாங்க!” என்று லாஸ்ஸே கத்தினான். “பிரேசில்ல ஒருத்தன், கொரியாவுல ரெண்டு பேர். திட்டி எழுதினவன் ஒருத்தன் அத அழிச்சுட்டு மன்னிப்புக் கேட்டிருக்கான். ‘குள்ளன் நல்லவன், நான்தான் காட்டான்’னு போட்டிருக்கான்.”

“பேரு போட்டிருக்கானா?”

“பேரா... ‘ஓநாய்க்கொல்லி நாப்பத்திரெண்டு’ன்னு போட்டிருக்கான்.”

“அது பேரா?” என்றார் கவுக்கோ, ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி. “இன்னைக்கி நல்லவம்பான், நாளைக்கி வேற ஒருத்தன் தாடியப் பிடிப்பான். அந்தப் பொண்ணு பண்ணதப் பாத்தியா? வாளித் தண்ணி மொத்தத்தயும் ஊத்திட்டா. எந்திரிச்சுப் போகும்போது காவலனுக்குன்னு கடைசி அகப்பைத் தண்ணி மிச்சம் வைக்கணும்னு தெரியல. ஒம்போதாயிரம் பேர் பாத்துக்கிட்டிருந்தான், ஒருத்தனாவது சொன்னானா?”

“அது அவங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?”

“தெரியாதவன் கேக்கணும்.”

“கேட்டாளே, கோவமான்னு.”

“சிரிச்சுக்கிட்டே கேட்டா.”

மிர்க்கா வாசல்வரை வந்தாள். கழுத்துத் துண்டைச் சரிசெய்யப் போனவளின் கையைத் தள்ளிவிட்டு அவரே கட்டிக்கொண்டார். போய்ப் படு, ஏழு மணி நேரமாவது படு என்றார். ஹெல்சிங்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கீழே பனி புதிதாகப் பெய்திருந்தது. நகராட்சிக்காரன் தள்ளின லட்சணத்தில் நடைபாதை ஒரு சாண் உயரத்துக்கு மூடிக்கிடந்தது. கவுக்கோ அதைத் திட்டிக்கொண்டே மிதித்து நடந்தார். மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

“அப்பா! நாப்பது பேர் ஆயிட்டாங்க!”

திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டது என்பதற்கு ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

“பூராப் பயலும் திங்கக்கிழமை மறந்துடுவான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, தெருமுனையைத் தாண்டிப் போனார்.